கிளினிக் பயிற்சிக்கு முன் பேச்சு மொழி சிகிச்சை மாணவர் எதைத் தெரிந்திருக்க வேண்டும்?

பேச்சு மொழி நோயியலில் வகுப்பறைப் பாடங்களை முடித்துவிட்டேன், சில மாதங்களில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்குவேன், இவ்வளவு பெரிய பாடத்தில் எதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மனப்பாடத்தைப் பற்றிக் கேட்டிருந்தாலும் உங்கள் மனத்தில் இருப்பது வேறு என்றே படுகிறது. எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது எங்கிருந்து தொடங்குவது, தெரியாத்தனமாக அவருக்குக் கெடுதல் செய்யாமல் இருப்பது எப்படி என்பதுதான் உங்கள் கவலை. அதற்கே பதில் சொல்கிறேன்.

நோயின் பெயர் கடைசியில் வரட்டும். ஒருவர் பேசுவதற்குள் பல வேலைகள் வரிசையாக நடக்கின்றன: சொல்ல நினைப்பது, சொல்லைத் தேடி எடுப்பது, வாக்கியம் அமைப்பது, ஒலிகளுக்கான அசைவுகளைத் திட்டமிடுவது, நரம்பு வழியாகக் கட்டளை போவது, தசை அசைவது, வந்த ஒலியைத் தன் காதால் கேட்டுச் சரிபார்ப்பது. ஒவ்வொரு நோயாளியிடமும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதில் எந்த இடத்தில் கோளாறு? இதே மாதிரி தோன்றக்கூடிய வேறு கோளாறு எது, அதை எப்படி விலக்குவது? என் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாமல் இருப்பது எது? மூன்றாவது கேள்வியைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். நோயாளிக்கு ஆபத்து பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.

உண்மையாகவே மனப்பாடமாக இருக்க வேண்டியது மூளை நரம்புகள் 5, 7, 9, 10, 12. பெயர்கள் போதாது, ஒவ்வொன்றும் பழுதானால் என்ன தெரியும் என்பது வேண்டும். ஐந்தாவது தாடையை அசைக்கிறது, முகத்தின் தொடு உணர்வைத் தருகிறது. ஒரு பக்கம் பழுதானால் வாயைத் திறக்கும்போது தாடை பலவீனமான பக்கம் சாயும். ஏழாவதைப் பார்க்கும்போது நெற்றியை மறக்காதீர்கள். நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருவதால், மூளைக்குள் ஏற்படும் பக்கவாதத்தில் நெற்றி சுருங்கும், வாயோரம் மட்டும் தொங்கும். நரம்பே பழுதானால் நெற்றியும் சேர்ந்து செயலிழக்கும். பத்தாவது மென்னண்ணத்தையும் (வாயின் மேற்கூரையில் பின்னாலுள்ள மென்மையான பகுதி) குரல் நாண்களையும் ஆள்கிறது. 'ஆ' சொல்லச் சொன்னால் உள்நாக்கு வலுவுள்ள பக்கம் இழுபடும். பன்னிரண்டாவது நாக்கினுடையது, வெளியே நீட்டினால் பலவீனமான பக்கம் சாயும். உள்நாக்குக்கும் நாக்குக்கும் திசை எதிரெதிர் என்பதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். காரணத்தோடு நினைவில் வையுங்கள்: உள்நாக்கை வலுவுள்ள தசை தன் பக்கம் இழுக்கிறது, நாக்கை வலுவுள்ள தசை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. நாக்கு மெலிந்து, அசையாமல் இருக்கும்போதே அதன் மேல் சிறு துடிப்புகள் ஓடினால் கீழ் இயக்க நரம்பில், அதாவது மூளைத்தண்டிலிருந்து தசைக்கு வரும் நரம்பில், கோளாறு என்று கொள்ளுங்கள். பத்தாவது நரம்பின் இடப்பக்க மீள் கிளை மார்புக்குள் இறங்கி, பெருந்தமனி வளைவைச் சுற்றிக்கொண்டு குரல்வளைக்கு ஏறுகிறது. அதனால்தான் இடது குரல் நாண் செயலிழந்தவருக்கு மார்பையும் படம் எடுக்கிறார்கள்.

அடுத்து, மூன்று கோளாறுகளைப் பிரித்தறியத் தெரிய வேண்டும்: மொழியே குலைந்த அஃபேசியா, அசைவுத் திட்டம் குலைந்த அப்ராக்ஸியா, தசையின் வலுவோ வேகமோ ஒத்திசைவோ குலைந்த டிஸ்ஆர்த்ரியா. பக்கவாதத்தில் இவை சேர்ந்தும் வரும். முதலில் எழுத்தையும் புரிதலையும் பாருங்கள். டிஸ்ஆர்த்ரியா மட்டும் உள்ளவர் குழறினாலும் சரியாகப் புரிந்துகொள்வார், கை இயங்கினால் எழுதியும் காட்டுவார். அஃபேசியா உள்ளவருக்கு எழுத்தும் சேர்ந்தே பாதிக்கப்படும். அப்ராக்ஸியாவில் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதுபோலத் தானாக வரும் பேச்சு சரளமாக இருக்கும். கேட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னால் வாய் ஒலியைத் தேடித் தடுமாறும். சொல் நீள நீளப் பிழை கூடும். இதைச் சோதிக்க முதலில் 'ப' என்ற ஒற்றை அசையை வேகமாகத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு 'த', 'க'. கடைசியில் 'ப-த-க' என்று மாற்றி மாற்றி. வளர்ந்தவர்கள் ஒற்றை அசையை வினாடிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 முறை சொல்வார்கள். ஒற்றை அசை நன்றாக வந்து, மாற்றிச் சொல்லும்போது சிதறினால் அப்ராக்ஸியாவை நினையுங்கள். மற்றவை டிஸ்ஆர்த்ரியாவின் வகைகள். மெதுவாக ஆனால் சீராக வந்தால் தசை விறைத்த ஸ்பாஸ்டிக். வேகமும் சத்தமும் தாறுமாறாக ஏறி இறங்கினால் சிறுமூளை சார்ந்த அடாக்ஸிக். விரைந்து ஒன்றோடொன்று மங்கிக் கலந்தால் பார்க்கின்சனில் வரும், அசைவு குறுகிய ஹைப்போகைனடிக். மூக்கால் காற்று கசிந்து, தளர்ந்து வந்தால் ஃப்ளாக்சிட். டார்லி, அரன்சன், பிரவுன் மூவரும் மேயோ கிளினிக்கிலிருந்து 1969-இல் வெளியிட்ட வகைப்பாடு இன்றும் இதற்கு அடிப்படை. ஆனால் காதால் கேட்டு மட்டும் வகை சொல்லும்போது அனுபவசாலிகளுக்குள்ளேயே கருத்து வேறுபடும். ஆகவே செவிப்பதிவை நரம்புச் சோதனையோடு வைத்துப் பார்த்த பிறகே வகையை எழுதுங்கள்.

அஃபேசியாவைச் சரளம், புரிதல், திருப்பிச் சொல்லுதல் என்ற மூன்றால் வகைப்படுத்தலாம். சரளமில்லை, புரிதல் ஓரளவு நன்று, திருப்பிச் சொல்ல வரவில்லை என்றால் புரோக்கா. மற்றவை அப்படியே இருந்து, திருப்பிச் சொல்வது நன்றாக வந்தால் டிரான்ஸ்கார்ட்டிகல் மோட்டார். சரளம் உண்டு, புரிதல் இல்லை, திருப்பிச் சொல்லவும் இல்லை என்றால் வெர்னிக்கே. சரளமும் புரிதலும் இருந்து திருப்பிச் சொல்வது மட்டும் உடைந்தால் கண்டக்‌ஷன். சொல் கிடைக்காமல் திணறுவது எல்லா வகையிலும் உண்டு, அதை வைத்து வகை சொல்ல முடியாது. இந்தப் பெட்டிகளில் சரியாக அடங்காதவர்கள் நிறையப் பேர். முதல் சில வாரங்களில் ஒரே நோயாளி ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்வதும் வழக்கம். சிகிச்சைத் திட்டம் வகையின் பெயரிலிருந்து வராது. எந்த அளவு நீளமுள்ள வாக்கியம் வரை புரிகிறது, முதல் ஒலியைச் சொல்லிக் கொடுத்தால் சொல் வருகிறதா, ஆம்-இல்லை நம்பும்படி இருக்கிறதா என்பவற்றிலிருந்து வரும். ஆம்-இல்லையைச் சோதிக்கும்போது ஒவ்வொரு விஷயத்தையும் இருவிதமாகக் கேளுங்கள்: 'உங்கள் பெயர் இதுவா' என்று சரியான பெயரோடு ஒருமுறை, தவறான பெயரோடு ஒருமுறை. எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவரை 'புரிகிறது' என்று எழுதிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. சிகிச்சைக்கு அவரது ஒப்புதலை வாங்குவதும், வலியைப் பற்றிக் கேட்பதும் அந்த ஒற்றை வரியை நம்பித்தான் நடக்கும்.

விழுங்குதலுக்கு வருகிறேன். இதைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லக் காரணம், நம் துறையில் ஒரு தவறு உயிரைப் பறிக்கக்கூடிய இடம் இது. உணவை மென்று சேர்ப்பது, நாக்கால் பின்னே தள்ளுவது, தொண்டைக் கட்டம், உணவுக்குழாய்க் கட்டம் என்று நான்கு. தொண்டைக் கட்டம் ஏறத்தாழ ஒரு வினாடிதான். அதற்குள் மென்னண்ணம் மூக்கை அடைக்க வேண்டும், குரல்வளை மேலும் முன்னும் நகர வேண்டும், குரல் நாண்கள் மூட வேண்டும், மூச்சு நிற்க வேண்டும், உணவுக்குழாயின் வாய் திறக்க வேண்டும். உணவோ நீரோ குரல்வளைக்குள் நுழைந்து குரல் நாண்களுக்கு மேலேயே நின்றால் பெனட்ரேஷன், அவற்றைத் தாண்டிக் கீழே போனால் ஆஸ்பிரேஷன். கீழே போனதும் இருமல் வரும் என்று எதிர்பார்க்கிறோம். குரல்வளையின் உணர்வு மழுங்கியவருக்கு இருமலே வராது. முகம் சுளிக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், நுரையீரலுக்குள் போய்க்கொண்டிருக்கும். படுக்கையருகே செய்யும் சோதனையால் இந்த மௌன ஆஸ்பிரேஷனை இல்லை என்று சொல்லவே முடியாது. வீடியோஃப்ளூரோஸ்கோபி என்ற எக்ஸ்ரே காணொளியோ, மூக்கு வழியாக நுண்குழாய்க் கேமரா விட்டுப் பார்க்கும் ஃபீஸ் சோதனையோதான் அதைக் காட்டும்.

அப்படியானால் படுக்கையருகே பார்ப்பது எதற்கு? யாருக்குக் கருவிச் சோதனை அவசரம், யாருக்கு இப்போது வாய் வழி எதுவும் வேண்டாம் என்று முடிவுசெய்ய. முதலில் நோயாளி கால் மணி நேரமாவது விழித்திருக்கிறாரா, நிமிர்ந்து உட்கார முடிகிறதா, தன் எச்சிலைச் சமாளிக்கிறாரா என்று பாருங்கள். இதில் ஏதாவது ஒன்று இல்லையென்றாலும் தண்ணீரை எடுக்கவே வேண்டாம். பிறகு வாய்க்குள் பாருங்கள், வாயைச் சுத்தம் செய்யுங்கள், அதன் பிறகே ஒரு சிறு கரண்டித் தண்ணீர். விழுங்கும்போது விரல்களைக் குரல்வளை மீது மெதுவாக வைத்து ஏற்றத்தை உணருங்கள். விழுங்கியதும் 'ஆ' சொல்லச் சொல்லி, குரல் ஈரமாகக் களகளக்கிறதா என்று கேளுங்கள். தகுந்தவர்களுக்கு 90 மில்லி தண்ணீரை நிறுத்தாமல் குடிக்கச் சொல்லும் சோதனை இருக்கிறது. இடையில் நிறுத்தினால், இருமினால், குரல் மாறினால் தோல்வி. தேறியவர் ஆஸ்பிரேட் செய்யும் வாய்ப்பு குறைவு. ஆனால் தோற்றவர்களில் பலருக்கு உண்மையில் ஆஸ்பிரேஷன் இருப்பதில்லை. தோல்வியைச் சாக்காக வைத்து 'நீர் கெட்டிப்படுத்தவும்' என்று எழுதாதீர்கள். அடுத்த சோதனைக்கு அனுப்புங்கள். தொண்டையைத் தொட்டால் வரும் குமட்டல் அனிச்சையைப் பார்த்து விழுங்கும் திறனைச் சொல்ல முடியாது, நல்ல உடல்நலம் உள்ளவர்கள் பலருக்கும் அது இருக்காது. விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் அளவி இறங்குவதை ஆஸ்பிரேஷனுக்கு அடையாளமாகக் கொள்வதும் நம்பத்தக்கதல்ல.

நீரைக் கெட்டிப்படுத்துவதில் உறுதியானதும் ஐயமானதும் கலந்திருக்கின்றன. கெட்டியான நீர் மெதுவாக நகர்வதால் பலருக்கு ஆஸ்பிரேஷன் குறைவது காணொளியில் தெரிகிறது. அதனால் நிமோனியா குறைகிறதா என்பது அதே அளவுக்கு நிறுவப்படவில்லை. கெட்டியானது தொண்டையில் தங்கும், நோயாளிகள் பிடிக்காமல் குறைத்துக் குடிப்பார்கள், உடலில் நீர் வற்றும். பயன்படுத்துவதாக இருந்தால் அளந்து பயன்படுத்துங்கள். உணவு, பானங்களின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் சர்வதேச அளவுமுறையான ஐடிடிஎஸ்ஐ-யின் 0 முதல் 7 வரையிலான அளவுகளில் பானங்களுக்கு 0 முதல் 4. 10 மில்லி சிரிஞ்சின் முனையை விரலால் மூடி 10 மில்லி வரை நிரப்பி, விரலை எடுத்து, 10 வினாடி கழித்து மீண்டும் மூடி மிச்சத்தைப் பாருங்கள். 1 மில்லிக்குக் குறைவு என்றால் 0. 1 முதல் 4 வரை அளவு 1. 4 முதல் 8 வரை அளவு 2. 8-க்கு மேல் இருந்தும் கொஞ்சம் வடிந்திருந்தால் 3. வடியவே இல்லையென்றால் 4, அதை முள்கரண்டியாலும் கரண்டியைச் சாய்த்தும் உறுதிசெய்ய வேண்டும். சிரிஞ்சில் 0 முதல் 10 வரையிலான அளவுகோலின் நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வேறு சிரிஞ்சை எடுத்தால் விடை பொய்யாகிவிடும். கலக்கிய உடனே பார்க்காமல் கொடுக்கப்போகும் நேரத்தில், கொடுக்கப்போகும் சூட்டில் பாருங்கள். மலச்சிக்கலுக்குத் தரும் பாலிஎத்திலீன் கிளைக்கால் மருந்தை ஸ்டார்ச் வகைக் கெட்டிப்படுத்தியோடு கலந்தால் அது மீண்டும் தண்ணீராகிவிடும் என்பதைச் செவிலியருக்கும் சொல்லி வையுங்கள்.

தாடையைத் தாழ்த்தி விழுங்கு என்று எல்லோருக்கும் சொல்வது இன்னொரு பழக்கம். விழுங்கல் தாமதமாகத் தொடங்கும் சிலருக்கு அது உதவும். உணவுக்குழாய் வாயருகே பக்கக் குழிகளில் மிச்சம் தங்குபவருக்கு, தலையைத் தாழ்த்தும்போது அந்த மிச்சமே மூச்சுக்குழலில் கொட்டலாம். தொண்டை ஒரு பக்கம் பலவீனமானவர் தலையைப் பலவீனமான பக்கம் திருப்பினால் உணவு நல்ல பக்கமாகப் போகும். எந்த உத்தியையும் கருவிச் சோதனையில் பலன் தெரிந்த பிறகே வழக்கமாக்குங்கள். மூச்சை இறுக்கிப் பிடித்து விழுங்கும் உத்திகளை இதய நோயாளிக்குச் சொல்வதற்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஆஸ்பிரேஷன் உள்ள எல்லோருக்கும் நிமோனியா வருவதில்லை என்பதையும் கவனத்தில் வையுங்கள். 1998-இல் வெளியான லேங்மோர் குழுவின் ஆய்வில் நிமோனியாவோடு தொடர்புடையவையாக முன்னே நின்றவை, சாப்பிடப் பிறரைச் சார்ந்திருப்பது, வாய்ச் சுத்தத்துக்குப் பிறரைச் சார்ந்திருப்பது, சொத்தைப் பற்கள் போன்றவை. பல் துலக்கிவிடுவது நம் வேலையில்லை என்று நினைப்பவர் விழுங்குதல் சிகிச்சைக்கு வர வேண்டாம் என்பதே என் கருத்து.

டிரக்கியாஸ்டமி போட்டவரிடம், அதாவது கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழலில் குழாய் வைத்தவரிடம், ஒரே ஒரு விதியை உடலில் பச்சை குத்தியதுபோல வைத்திருங்கள். மூச்சைக் குழாய் வழியாக உள்ளே மட்டும் விடும் ஒருவழிப் பேச்சு வால்வைப் பொருத்துவதற்கு முன், குழாயைச் சுற்றியுள்ள கஃப் என்ற சிறு பலூனில் காற்று முழுவதும் இறக்கப்பட்டிருக்க வேண்டும். கஃப் ஊதியிருக்கும்போது வால்வைப் பொருத்தினால் உள்ளே போன மூச்சுக்கு வெளியேற வழியே இல்லை. நிமிடங்களில் உயிர் போகும். கஃப் ஊதியிருந்தால் ஆஸ்பிரேஷன் நடக்காது என்பதும் தவறு. கஃப் குரல் நாண்களுக்குக் கீழே இருக்கிறது, அங்கே வந்து சேர்ந்ததே ஆஸ்பிரேஷன்தான்.

குரலைப் பற்றிச் சுருக்கமாக. கரகரப்பு 4 வாரங்களுக்கு மேல் நீடித்தால் குரல்வளையை நேரே பார்த்தாக வேண்டும். புகைப்பவர், கழுத்தில் கட்டி உள்ளவர், மூச்சு இரைபவர், அறுவைச் சிகிச்சைக்குப் பின் குரல் போனவர் என்றால் அந்த 4 வாரமும் காத்திருக்கக் கூடாது. பார்க்காமல் குரல் பயிற்சி தொடங்குவது, புற்றுநோயைப் பயிற்சியால் தள்ளிப்போடுவதாக முடியலாம். ஒரே மூச்சில் 'ஆ' நீட்டும் நேரம் வளர்ந்தவர்களுக்குப் பொதுவாக 15 வினாடிக்கு மேல் இருக்கும், 10-க்குக் கீழ் போனால் காரணம் தேடுங்கள். 'ஸ்' நீட்டும் நேரத்தை அதன் குரலுள்ள இணை ஒலியை (ஆங்கில z) நீட்டும் நேரத்தால் வகுத்து, 1.4-க்கு மேல் வந்தால் குரல் நாண் கோளாறு என்று ஒரு கணக்கு உண்டு. அந்தக் குரலுள்ள ஒலி தமிழின் சொந்த ஒலியல்ல. அதைச் சரியாக உச்சரிக்கத் தெரியாதவரிடம் இந்தக் கணக்குப் பயன்படாது.

குழந்தை பேசவில்லை என்று வந்தால் முதலில் கேள்திறன் சோதனை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறான் என்று பெற்றோர் சொல்வது போதாது. உயர் அதிர்வெண் மட்டும் கேட்காத குழந்தையும் திரும்பும், 'ஸ', 'ஷ' போன்ற ஒலிகள்தான் அதற்குக் கிடைக்காது. பிறந்து 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்துதல், 6 மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பது உலகெங்கும் பின்பற்ற முயலும் இலக்கு. ஏறத்தாழ 12 மாதத்தில் முதல் சொல், 24 மாதத்தில் 50 சொற்களும் இரண்டு சொல் சேர்க்கையும் என்பது தோராய அளவு. 2 வயதில் பின்தங்கியவர்களில் பலர் தாமாகவே எட்டிப்பிடிக்கிறார்கள், யார் எட்டிப்பிடிப்பார் என்று ஒரு குழந்தையைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. புரிதலும் சைகையும் குறைவாக இருந்தால், குடும்பத்தில் மொழிக் கோளாறு இருந்தால் காத்திருக்க வேண்டாம். பேசிய சொற்களை இழந்த குழந்தையை எந்த வயதிலும் உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் மொழிக் கோளாறு வருவதில்லை என்பது உறுதி. கோளாறு இருந்தால் இரண்டு மொழியிலும் தெரியும், ஆகவே இரண்டிலும் சோதியுங்கள். வீட்டு மொழியை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

தமிழ்க் குழந்தையின் உச்சரிப்பை ஆங்கிலச் சோதனையின் மொழிபெயர்ப்பால் அளப்பது பெரிய பிழை. தமிழ்ச் சொற்களில் 'ப', 'க' போன்றவை அதிர்வோடு ஒலிப்பதும் அதிர்வின்றி ஒலிப்பதும் பெரும்பாலும் இடத்தைப் பொறுத்தவை. சொல்லின் முதலில் மெய்கள் கூட்டாக வருவதில்லை. மாறாக 'எடு', 'எட்டு' என்ற நீள வேறுபாடு பொருளையே மாற்றும். ல, ள, ழ மூன்றும் குழந்தையின் வீட்டு வழக்கில் எப்படி ஒலிக்கின்றன என்று பெற்றோர் பேசும்போதே குறித்துக்கொள்ளுங்கள். வீட்டார் எல்லோருமே ழகரத்தை ளகரமாகச் சொன்னால் குழந்தையிடம் கோளாறில்லை. ஊதல் ஊதுவது, நாக்கைச் சுழற்றுவது போன்ற பயிற்சிகளால் பேச்சொலிகள் திருந்துவதாக நல்ல சான்று கிடையாது. அந்த நேரத்தை ஒலியையே பழக்கச் செலவிடுங்கள்.

திக்கல் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும், தொடங்கியவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்காவது தானாக நிற்கும். ஆண் குழந்தை, நிலையாகத் திக்கும் உறவினர், ஓராண்டுக்கு மேல் நீடிப்பது ஆகியவை நிற்காமல் போகும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. நெதர்லாந்தில் நடந்து 2015-இல் வெளியான ஒப்பீட்டில், திக்காத பேச்சைப் பெற்றோரே பாராட்டிப் பழக்கும் லிட்கோம் முறையும், குழந்தையின் திறனுக்கேற்பச் சூழலின் அழுத்தத்தைக் குறைக்கும் முறையும் ஒன்றரை ஆண்டு முடிவில் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்தன. இதுதான் ஒரே வழி என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம்.

சிகிச்சையின் சான்றும் எல்லா இடத்திலும் ஒரே வலுவோடு இல்லை. பார்க்கின்சனில் குரலைக் கூட்டும் எல்எஸ்விடி லௌட் முறை, வாரம் 4 அமர்வுகளாக 4 வாரம் செய்வது, 2024-இல் வெளியான பிரிட்டிஷ் சோதனையில் வழக்கமான சிகிச்சையைவிட நல்ல பலன் தந்தது. அஃபேசியாவில் சிகிச்சை பலன் தருகிறது என்று பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்ட 2016-இன் காக்ரேன் தொகுப்பு சொல்கிறது. செறிந்த சிகிச்சையில் பலன் கூடுதலாக இருக்கலாம், இடையில் விட்டுப்போவோரும் கூடுதல். ஆகவே அமர்வுகளின் எண்ணிக்கையைப் பாடப்புத்தகத்திலிருந்து எடுக்காமல் அந்த நோயாளி தாங்குவதிலிருந்து எடுங்கள்.

இப்போதே தொடங்கக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. நலமானவர்களின் வாயையும் பேச்சையும் சோதித்துப் பழகுங்கள், வீட்டார், நண்பர்கள், முதியவர்கள் என்று. கையுறை, டார்ச், நாக்கை அழுத்தும் குச்சி, ஒலிப்பதிவுக்கு ஒரு கைப்பேசி போதும். கைப்பேசி வாயிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரே தூரத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் சத்தத்தை ஒப்பிட முடியாது. அனுமதி கேட்டு, நரம்பு வரிசையிலேயே ஒவ்வொருவரையும் பாருங்கள். கேட்டதை ஒலிக்குறியில் எழுதி, மறுநாள் எழுதியதைப் பார்க்காமல் அதே பதிவை மீண்டும் எழுதி, இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று பாருங்கள். நலமானவர்களிலும் உள்நாக்கு சற்றுக் கோணலாக, வாயோரம் சமமின்றி, 'ப-த-க' தடுமாறி இருப்பதைக் காண்பீர்கள். அந்த இயல்பின் அகலம் தெரிந்தால்தான் நோயாளியிடம் காண்பதில் எதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று உங்களால் முடிவுசெய்ய முடியும்.